ஒரே ஒரு ரூடி பால் போதும் அவர்களுக்கு

"விளையாட்டுலயுமா சாதியைத் தேடுவீங்க?"

இந்தக் கேள்வியை வாங்காத ஆள் நம்மில் யார்? அணித் தேர்வைப் பற்றியோ, ஊர் மைதானம் எந்தத் தெருப் பிள்ளைகளுக்குத் திறக்கிறது, எந்தத் தெருவுக்கு மூடுகிறது என்பதைப் பற்றியோ நாலு வரி எழுதிப் பாருங்கள். உடனே வந்து நிற்கும். பின்னாலேயே ஒரு பெயரும் வரும். "ஏன், அவர் இல்லையா? அவர் எப்படி மேலே வந்தார்? திறமை இருந்தா யாராலும் தடுக்க முடியாது." ஒற்றைப் பெயர். அதற்கு மேல் அவர்களிடம் வாதம் எதுவும் கிடையாது. அந்தப் பெயரை எடுத்துவிட்டால் கையில் காலிப் பை.

இந்த ஒற்றைப் பெயர் வித்தை நம் ஊர்ச் சரக்கு மட்டுமல்ல. 1936இல் ஹிட்லரின் ஜெர்மனி உலகத்தின் முன் இதைச் செய்து காட்டியது. அந்தப் பெயர் ரூடி பால். ஆட்டம் ஐஸ் ஹாக்கி. நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம்தான்: உறைந்த தளம், காலில் ஸ்கேட், பந்துக்குப் பதில் கெட்டி ரப்பர் வட்டு, பக்கத்துக்கு ஆறு பேர். ஆட்டம் புதிதாக இருந்தாலும் ஆட்டத்தை நடத்தியவர்களின் புத்தி நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான்.

ஜெர்மனியின் தேசிய ஐஸ் ஹாக்கி சாம்பியன்ஷிப் 1912இல் தொடங்கியது. முதல் உலகப் போரில் நின்றுபோய், 1920இல் மறுபடி உயிர் பெற்றது. அந்த ஆண்டு முதல் 1933 வரை 14 பட்டங்கள். அவற்றில் 12 பட்டங்களை வென்றது ஒரே சங்கம், பெர்லின் ஸ்கேட்டிங் கிளப். நடுவில் 1922இல் மியூனிக் சங்கம் ஒன்று, 1927இல் ஆல்ப்ஸ் மலையடிவார ரீசர்சே சங்கம், அவ்வளவுதான். பதினான்கில் பன்னிரண்டு என்றதும் நமக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட சொல் வாயில் வரும்: தகுதி.

கொஞ்சம் பொறுங்கள். ரீசர்சே என்பது ஒரு ஏரியின் பெயர். அந்த ஏரி உறைந்தால் ஆட்டம், உருகினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பெர்லினில் அப்படி இல்லை. 1908இலேயே அங்கே ஐஸ் பேலஸ் வந்துவிட்டது. 1910இல் ஸ்போர்ட்பலாஸ்ட் என்ற மாபெரும் உள்ளரங்கம் திறந்தது. குளிரூட்டும் இயந்திரம் உறையவைத்த தளம். வெளியே வெயிலடித்தாலும் உள்ளே பனி. 1930 உலக சாம்பியன்ஷிப் பிரான்சின் ஷாமோனியில் நடந்துகொண்டிருந்தபோது அங்கே பனி உருகிப்போய், மீதிப் போட்டியைத் தூக்கிக்கொண்டு பெர்லினுக்குத்தான் ஓடிவந்தார்கள். இறுதி ஆட்டத்தில் கனடா 6–1 என்று ஜெர்மனியை வீழ்த்தியது இந்த ஸ்போர்ட்பலாஸ்ட் அரங்கில்தான். பனியை உருகாமல் வைத்துக்கொள்ளக் காசுள்ள ஊர், ஏரி உறையக் காத்திருக்கும் ஊரைத் தோற்கடித்துவிட்டுத் 'திறமை' என்று பெயர் வைத்துக்கொள்கிறது. கோச்சிங் சென்டர் கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே ஜெர்மனியில் தொழிலாளர்கள் தமக்கென்று தனி விளையாட்டுச் சங்கங்கள் கட்டியிருந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். 1925இல் பிராங்க்பர்ட்டில் தொழிலாளர் ஒலிம்பியாட் நடத்தி, தேசக் கொடிகளுக்குப் பதில் செங்கொடியைப் பறக்கவிட்டார்கள். 1933இல் நாஜிகள் அந்தச் சங்கங்களைத் தடைசெய்து, சொத்துகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். பெர்லின் ஸ்கேட்டிங் கிளப் போன்ற கனவான்களின் சங்கங்கள் தொடர்ந்து நடந்தன. தேசிய சாம்பியன்ஷிப்பும் தொடர்ந்து நடந்தது.

இப்போது ரூடி. 1911இல் பெர்லினில் பிறந்தவர், யூத வம்சாவளி. சின்ன உருவம், மின்னல் வேகம். இருபது வயது முடிவதற்குள் ஐரோப்பாவின் சிறந்த முன்வரிசை ஆட்டக்காரர்களில் ஒருவராகிவிட்டார். 1928 முதல் 1933 வரை பெர்லின் சங்கம் தொடர்ந்து ஆறு பட்டங்கள் வென்ற காலம் அவர் எழுந்து வந்த காலம். 1932இல் அமெரிக்காவின் லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஜெர்மன் அணியில் அவர் இருந்தார். வந்த அணிகள் மொத்தமே நான்கு என்பது வேறு விஷயம்.

லேக் பிளாசிட்டைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. அந்தச் சிற்றூருக்கு ஒலிம்பிக்கைக் கொண்டுவந்தவர் காட்ஃப்ரி டூயி. நூலகங்களில் புத்தக முதுகில் எண் ஒட்டுகிறார்களே, அந்த தசம வகைப்பாட்டைக் கண்டுபிடித்த மெல்வில் டூயியின் மகன். அப்பா டூயி அங்கே நிறுவிய லேக் பிளாசிட் கிளப்பில் யூதர்களுக்கு இடமில்லை. ஒளித்து மறைத்து அல்ல, எழுதி வைத்த விதியாகவே. அதை எதிர்த்து யூதத் தலைவர்கள் மனுக் கொடுத்ததில்தான் அவர் நியூயார்க் மாநில நூலகர் பதவியை விட்டு இறங்க வேண்டி வந்தது. உலக அறிவையெல்லாம் பத்துக்குப் பத்தாக வரிசைப்படுத்தத் தெரிந்த மனிதருக்கு மனிதர்களையும் அப்படி அடுக்கில் வைக்காமல் இருக்க முடியவில்லை. 'தீண்டாமை' என்ற சொல் இல்லாத ஊரிலும் அந்தச் சரக்கு கிடைக்கும். ரூடி பால் ஜெர்மனிக்குப் பதக்கம் வாங்கித் தந்தது அப்படிப்பட்ட ஊரில். ஹிட்லர் ஆட்சிக்கு வர இன்னும் ஒரு வருடம் இருந்தது.

1933 ஏப்ரல். ஜெர்மன் விளையாட்டு அமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக யூதர்களை வெளியேற்றின. நான் அந்த மாதத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் தடுக்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு: பல சங்கங்கள் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கவே இல்லை. தாங்களே முந்திக்கொண்டன. குத்துச்சண்டைச் சாம்பியன் எரிக் சீலிக்கின் பட்டங்களைப் பறித்தார்கள். டேவிஸ் கோப்பையில் ஜெர்மனிக்காக ஆடிய டேனியல் பிரென்னை அணியிலிருந்து நீக்கினார்கள். நேற்றுவரை ஒரே அறையில் உடை மாற்றியவர்கள், சேர்ந்து குடித்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். இது எப்படி முடிந்தது என்று ஆச்சரியப்படுபவர்கள், கலவரத்துக்கு மறுநாள் சேரிப் பக்கம் வந்து பார்க்காத நண்பர்களை நினைத்துக்கொண்டால் போதும்.

ரூடி வெளியேறினார். சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ், பிறகு இத்தாலியின் மிலன் என்று ஆடினார். அவர் இல்லாத 1934, 1935 இரண்டு ஆண்டுகளும் பெர்லின் ஸ்கேட்டிங் கிளப்புக்குப் பட்டம் கிடைக்கவில்லை. தற்செயலாகவும் இருக்கலாம்.

பிறகு ஏன் கூப்பிட்டார்கள்? மனம் திருந்தியா? 1936 பிப்ரவரியில் குளிர்கால ஒலிம்பிக் பவேரியாவின் கார்மிஷ்-பார்ட்டென்கிர்ஹெனில், ஆகஸ்டில் கோடை ஒலிம்பிக் பெர்லினில். அமெரிக்காவில் புறக்கணிப்புக் கோரிக்கை வலுத்தது. 1935 டிசம்பரில் அமெரிக்கத் தடகள அமைப்பில் அது மயிரிழையில்தான் தோற்றது. அமெரிக்கா வராவிட்டால் கோயபல்ஸின் திருவிழாவுக்கு மவுசு ஏது? சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் அமெரிக்க உறுப்பினர் சார்லஸ் ஷெரில் ஜெர்மானியர்களிடம் கேட்டது யூதர்களுக்கு உரிமையை அல்ல, அணியில் பெயருக்கு ஒரு யூதரை. தெற்கு மாநிலங்களில் கறுப்பர்களை மரத்தில் தொங்கவிடுவது எப்படித் தன் கவலை இல்லையோ, அப்படியே ஜெர்மனியில் யூதர்கள் படும் பாடும் தன் கவலை இல்லை என்ற பொருளில் பேசியவர் அவர். இன்னொரு அமெரிக்கப் பெரிய மனிதர் எவரி பிரண்டேஜ், 1934இல் ஜெர்மனிக்குப் 'பார்வையிட'ப் போனவர், சிகாகோவில் தான் இருக்கும் சங்கத்திலும் யூதர்களுக்கு இடமில்லை என்று நாஜிகளிடம் ஆறுதல் சொல்லிவிட்டு வந்தார். ஆண்டைக்கு ஆண்டை காட்டும் ஆதரவு கடல் கடந்தும் செல்லும்.

இப்படித்தான் இரண்டு பெயர்கள் வந்தன. குளிர்காலத்துக்கு ரூடி பால், கோடைக்கு வாள்வீச்சு வீராங்கனை ஹெலன் மேயர். ரூடியின் நெருங்கிய நண்பரும் அணியின் நட்சத்திரமுமான குஸ்தாவ் யேனக்கே, ரூடி இல்லாமல் தானும் ஆடமாட்டேன் என்று நின்றதாகச் சொல்வார்கள். குடும்பத்தை வெளிநாட்டுக்குப் போகவிடுவதற்கு ஈடாக ரூடி திரும்பி வந்தார் என்பதும் பரவலாகச் சொல்லப்படுவது. அப்படியென்றால் அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. கழுத்தில் கத்தி இருப்பவன் எடுத்த முடிவை, கத்தி இல்லாதவன் உட்கார்ந்து மதிப்பிடக் கூடாது.

யேனக்கேயைப் பற்றிப் பேசலாம். நல்ல நண்பன், சந்தேகமில்லை. எத்தனை பேர் அதைக்கூடச் செய்யவில்லை. ஆனால் அந்த நியாயத்தின் அளவு ஓர் ஆள்தான். உள்ளூர்ச் சங்கங்களிலிருந்து துரத்தப்பட்ட பெயர் தெரியாத யூதப் பையன்களுக்காக யாரும் ஸ்கேட்டைக் கழற்றிப்போட்டதாகக் கதை இல்லை. "என் ஃப்ரெண்டு ஒருத்தன் எஸ்.சி. தான், எங்க வீட்டுல சாப்பிடுவான்" என்பவரை நமக்குத் தெரியும். அந்த நண்பனை அவர் உண்மையாகவே நேசிக்கலாம். அந்த நேசம் காலனிக்குள் ஒரு தெருகூட நடந்து வராது என்பதுதான் விஷயம். அதே காலத்துக்குச் சற்று முன் இங்கே பல்வாங்கர் பாலூ என்ற தலித் பந்துவீச்சாளர் இருந்தார். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கும் மேல் விக்கெட் எடுத்தவர். ஆடுகளத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளியே, மண் குவளையில். அவ்வளவு திறமை இருந்தும் இந்து அணியின் தலைமை அவருக்குக் கடைசிவரை வரவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் வந்தது. விக்கெட் வேண்டும், ஆள் வேண்டாம். பெர்லினுக்கு வேண்டியதும் அதுதான், ரூடியின் கோல்.

கார்மிஷுக்குப் போவோம். ஊரெங்கும் "யூதர்களுக்கு அனுமதியில்லை" பலகைகள். குளிர்கால ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவின் தலைவர் கார்ல் ரிட்டர் ஃபான் ஹால்ட் 1935 மே மாதம் உள்துறை அமைச்சகத்துக்கு எழுதிய கடிதம் பிழைத்திருக்கிறது. யூத வெறுப்புப் பிரச்சாரம் இப்படியே போனால் போட்டியே நடக்காமல் போகும் என்று கவலைப்படுகிறார். கூடவே, யூதர்களுக்கு உதவுவதற்காகத் தான் இதை எழுதவில்லை, போட்டியைக் காப்பாற்றத்தான் என்று தெளிவாகச் சொல்லிக்கொள்கிறார். அமைச்சர் வரும் நாளில் இரட்டைக் குவளையை மேசைக்கடியில் தள்ளும் டீக்கடைக்காரருக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? பலகைகள் மறைந்தன. அந்தச் சில வாரங்களுக்கு மட்டும். நியூரம்பெர்க் சட்டங்கள் போடப்பட்டு அப்போது ஐந்து மாதம்கூட ஆகவில்லை. யூதர்கள் குடியுரிமை இழந்திருந்தார்கள். குடிமகனாக இருக்கத் தகுதியில்லாத இனத்தில் பிறந்த ஒருவர், நெஞ்சில் அந்த நாட்டின் சின்னத்தோடு பனியில் இறங்கினார்.

ஆட்டம் என்னவானது? முதல் ஆட்டத்தில் அமெரிக்காவிடம் 0–1. இத்தாலியையும் சுவிட்சர்லாந்தையும் வென்றார்கள். ஹங்கேரியோடு 2–1 என்று வென்ற ஆட்டத்தில் ரூடிக்கு அடிபட்டது. அதோடு அவருக்கு ஒலிம்பிக் முடிந்தது. பிரிட்டனோடு 1–1, கனடாவிடம் 2–6. ஜெர்மனிக்கு ஐந்தாவது இடம். தங்கம் வென்றது பிரிட்டன், பெரும்பாலும் கனடாவில் வளர்ந்த ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு. நாஜிகளுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை, அது இல்லாமலே காரியம் முடிந்துவிட்டது. யூதரைச் சேர்க்கவில்லை என்று யார் சொல்ல முடியும்?

ரூடியை வைத்து மறைத்தது யாரை என்று அறிய அடுத்த சில மாதங்களைப் பாருங்கள். உயரம் தாண்டும் வீராங்கனை கிரெட்டல் பெர்க்மான். யூதர் என்பதால் 1933இல் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கிலாந்து போனவர். ஒலிம்பிக்குக்காகத் திரும்பவரவைக்கப்பட்டு, 1936 ஜூன் இறுதியில் 1.60 மீட்டர் தாண்டி ஜெர்மன் சாதனையைச் சமன் செய்தார். அமெரிக்க அணியின் கப்பல் கிளம்பும்வரை காத்திருந்தார்கள். கிளம்பியதும் அவருக்குக் கடிதம்: உங்கள் ஆட்டத்திறன் போதாது. தடகளப் போட்டிகளை நின்றபடி பார்க்க டிக்கெட் வேண்டுமானால் தருகிறோம். மூன்று பேரை இறக்கலாம் என்ற போட்டியில் இரண்டே பேரை இறக்கினார்கள். அந்த மூன்றாவது இடத்தைக் காலியாக விட்டார்கள், அவளுக்குத் தரவில்லை. தங்கம் வென்ற ஹங்கேரியப் பெண் தாண்டியதும் ஏறத்தாழ அதே உயரம்தான். அவரும் யூதர்.

திறமை இருந்தால் தடுக்க முடியாதாம். 1.60 மீட்டர் திறமை இருந்தது. தடுத்தார்கள். தடுத்துவிட்டு அதற்குத் 'தகுதிக் குறைவு' என்று பெயரும் வைத்தார்கள். ரூடி பால் அணியில் இருந்ததாலும் ஹெலன் மேயர் இருக்கப்போவதாலும்தான் கிரெட்டலைத் துணிந்து வெட்ட முடிந்தது என்பேன். ஒருவரை உள்ளே விட்டது மற்றவர்களுக்குக் கதவு திறக்கும் முன்னோட்டம் அல்ல. கதவை இறுக்கிப் பூட்டுவதற்கான தாழ்ப்பாள். கணக்குக் காட்டியாகிவிட்டது, இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

கேட்டவர் ஒருவர் இருந்தார். எர்னஸ்ட் லீ ஜான்கே. அமெரிக்கர், ஜெர்மானிய வம்சாவளி, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி உறுப்பினர். பெர்லினைப் புறக்கணிக்க வேண்டும் என்று கமிட்டித் தலைவருக்கே வெளிப்படையாக எழுதினார். 1936 ஜூலையில் கமிட்டி அவரை வெளியேற்றியது. அந்த நாற்காலியில் எவரி பிரண்டேஜை உட்காரவைத்தது. பின்னாளில் பிரண்டேஜ் அந்தக் கமிட்டிக்கே தலைவராகி இருபது ஆண்டு ஆண்டார். ஜான்கேயின் பெயரை எந்த விளையாட்டு வினாடிவினாவிலாவது கேட்டிருக்கிறீர்களா?

தேசிய சாம்பியன்ஷிப் நடந்துகொண்டே இருந்தது. 1936, 1937 பட்டங்கள் மறுபடி பெர்லின் ஸ்கேட்டிங் கிளப்புக்கு. 1939இல் ஜெர்மன் சாம்பியன் யார் தெரியுமா? வியன்னாவின் எங்கல்மான் சங்கம். ஆம், ஆஸ்திரியாவின் வியன்னா. 1940இலும் ஒரு வியன்னா அணிதான். 1938 மார்ச்சில் ஜெர்மன் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது, 'தேசியம்' பெரிதாகிவிட்டது. அதே வியன்னாவில் 1925இல் ஆஸ்திரியக் கால்பந்துப் பட்டத்தை வென்ற யூதச் சங்கம் ஹக்கோவா. அதை நாஜிகள் உடனே கலைத்தார்கள், அந்தப் பருவத்தில் அது ஆடிய ஆட்டங்களின் முடிவுகளையும் ரத்து செய்தார்கள். ஆடியது ஆடாததாயிற்று. 'தேசிய' சாம்பியன்ஷிப் என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும். 1933இல் ஒரு விதித்திருத்தத்தால் தேசம் சுருங்குகிறது, பெர்லினில் பிறந்து வளர்ந்தவன் வெளியே. 1938இல் டாங்கியால் தேசம் விரிகிறது, எல்லைக்கு அப்பாலிருப்பவன் உள்ளே. கோப்பையும் பட்டியலும் மட்டும் மாறுவதில்லை. பட்டியலைப் பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

1938 டிசம்பரில் பெர்லின் காவல்துறை ஒரு தடை போட்டது. யூதர்கள் போகக் கூடாத இடங்களின் பட்டியல்: திரையரங்குகள், அருங்காட்சியகங்கள், குளியல் குளங்கள், விளையாட்டு மைதானங்கள். பனித்தளங்களும் அதில் உண்டு. ஸ்போர்ட்பலாஸ்ட் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருந்தது. ரூடியின் சங்கத்தை வெற்றிமேல் வெற்றியாக வளர்த்த அதே அரங்கு. ரூடியோ நாட்டில்தான் இருந்தார், போர்க்காலத்திலும் ஐஸ் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தார். ஏனைய யூதர்களுக்கு அந்தப் பனியைப் பார்க்கவும் அனுமதி இல்லை.

1941 அக்டோபரில் பெர்லின் குருனவால்ட் ரயில் நிலையத்திலிருந்து முதல் ரயில் கிளம்பியது. 1943 பிப்ரவரி 18 அன்று ஸ்போர்ட்பலாஸ்ட் மேடையில் ஏறிய கோயபல்ஸ், முழுப் போர் வேண்டுமா என்று கேட்டார். அரங்கு எழுந்து நின்று வேண்டும் என்று கத்தியது. ஒன்பதே நாளில், 27ஆம் தேதி, தொழிற்சாலைகளில் வேலை செய்துகொண்டிருந்த மிச்சமிருந்த பெர்லின் யூதர்களை வேலையிடத்திலேயே வளைத்துப் பிடித்தார்கள். 1933இல் அந்த நகரில் ஏறத்தாழ 1,60,000 யூதர்கள் இருந்தார்கள். 50,000க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் ரூடியின் ஆட்டத்துக்குக் கைதட்டியிருப்பார்கள்!

ரூடி பிழைத்தார். இதை நான் எழுதும்போதே சில நண்பர்கள் கேட்பார்கள்: ஓர் உயிராவது தப்பியதே, அது நல்லதில்லையா? நல்லதுதான். ஒரு குடும்பம் தப்பியது என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் தப்பவிட்டவனுக்கு நன்றிப் பத்திரம் எழுதச் சொல்லாதீர்கள். ஒருவரைத் தப்பவிடும் அதிகாரம் கையில் இருந்தவனிடம்தான் மற்றவர்களைக் கொல்லும் அதிகாரமும் இருந்தது. இட ஒதுக்கீட்டை உரிமை என்று நாம் அடம்பிடிப்பதும், சலுகை என்று அவர்கள் அடம்பிடிப்பதும் இந்த இடத்தில்தான். சலுகையைத் தருபவன் நினைத்தால் எடுப்பான். அமெரிக்கக் கப்பல் கிளம்பும் வரைதான் அதற்கு ஆயுள்.

1948இல் ரூடி பால் ஜெர்மனியைவிட்டுக் கிளம்பினார். அவர் போய்ச் சேர்ந்த நாடு தென்னாப்பிரிக்கா. அதே ஆண்டு மே மாதத் தேர்தலில் அங்கே தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து, நிறவெறியைச் சட்டமாக்கத் தொடங்கியிருந்தது. எந்தப் பலகை எந்தக் கதவில் தொங்குகிறது என்று அவரைவிட நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் யார்? அங்கே பலகை வேறு ஆட்களுக்கு. அவருக்குக் கதவு திறந்தே இருந்தது. அங்கும் கொஞ்ச காலம் ஐஸ் ஹாக்கி ஆடினார். 1975இல் ஜோகன்னஸ்பர்க்கில் இறந்தார். 2004இல் சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனம் அவர் பெயரைத் தன் புகழரங்கில் சேர்த்துக்கொண்டது.